வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்கு: ஒரே கடலில் இரண்டு கண்ணாடிப் படகுகள்

சென்ற பிப்ரவரி மாதம் அந்தமானில் தங்கியிருந்த ஒரு வாரத்தில், மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஜாலி பாய் தீவுக்கு நாங்கள் இரண்டு முறை போய் வந்தோம். ஒரே தீவு, ஒரே பருவம், ஏறக்குறைய ஒரே கட்டணம். அடியில் கண்ணாடி பதித்த படகு மட்டும் வேறு. முதல் பயணம் முடிந்து கரையேறியபோது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என் மகள் முகம் சுளித்தாள். மூன்று நாள் கழித்து வேறொரு படகில் போய்த் திரும்பியபோதோ, வண்டூர் படகுத்துறையிலிருந்து விடுதிக்கு வந்து சேரும் வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இரண்டு படகுக்காரர்களின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. படகுகளும் ஆட்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவார்கள். எதைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும் என்பது மாறாது.

சென்னையிலிருந்து கடல்வழியே சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள்; ஆட்டோக்காரர் முதல் விடுதிக்காரர் வரை நாங்கள் பேசிய எல்லோரும் பழைய பெயரைத்தான் சொன்னார்கள். அங்கிருந்து சாலை வழியாக 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் வண்டூர். அந்தக் கடற்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுபவை, தண்ணீருக்குள் இலையில்லாமல் வெளிறி நிற்கும் பட்ட மரங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கரையோரக் காட்டுக்குள் உப்புநீர் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, அங்கே இருந்த பவளத்திட்டுகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து செத்தன. ஒரே தீவுக்கூட்டத்தின் ஒரு முனை அமிழ்ந்து மறுமுனை எழுந்தது.

இந்தத் தீவுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால் கண்ணாடிக்குக் கீழே தெரிவது இன்னும் நன்றாக விளங்கும். மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் வங்காள விரிகுடாவுக்குள் இறங்கி, சுமத்ராவை நோக்கி நீண்டு போகிறது. அதன் நீருக்கு மேல் தெரியும் உச்சிகள்தான் அந்தமானும் நிக்கோபாரும். கடலடியில் இந்திய நிலத்தட்டு பர்மா நிலத்தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே இருப்பதால்தான் நிலநடுக்கம் வருகிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கில் இருக்கும் பாரன் தீவு எரிமலை நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் குமுறத் தொடங்கியதும் அதனால்தான். லட்சத்தீவில் இருப்பவை நடுவே காயலைச் சூழ்ந்து வட்டமாக வளர்ந்த பவளத் தீவுகள். இங்கே அப்படியில்லை. மலைச்சரிவு கடலுக்குள் இறங்கும் ஓரத்தில், கரையை ஒட்டியே பவளம் வளர்கிறது. ஆகவே படகு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மணலிலிருந்து கூப்பிடு தொலைவுக்குள்ளேயே பார்க்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன.

பூங்கா 1983இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 281.5 சதுர கிலோமீட்டர். அதற்குள் 15 தீவுகள். தர்முக்ளி, போட், அலெக்சாண்ட்ரா, மலாய், புளூட்டோ என்று படகோட்டிகள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள், இறங்க முடியாது. பயணிகளுக்காகத் திறப்பவை ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும்தான். அவையும் மாறி மாறித்தான் திறக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் ஜாலி பாய், மீதி மாதங்களில் ரெட் ஸ்கின். ஒன்றில் மனிதக் கால் படும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

படகுத்துறைச் சோதனையில் பொறுமையாக இருங்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகாது. தண்ணீர்ப் புட்டியை வாங்கி வைத்துவிட்டு, முன்பணம் பெற்றுக்கொண்டு வேறு குடுவை தருகிறார்கள். திரும்பி வந்து அதைக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துத் துணிப்பையில் கொட்டிக்கொள்ள வேண்டும். என் மாமியார் மாத்திரைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். அதைப் பார்த்த காவலர் எரிச்சல் காட்டாமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு டப்பாவைத் தம் மேசையிலேயே வைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற சிலர் இதற்கெல்லாம் முணுமுணுத்தார்கள். ஆனால் ஜாலி பாய் மணலில் நான் இரண்டு நாளும் நடந்து பார்த்தேன். அலை ஒதுக்கிய கயிற்றுத் துண்டுகளைத் தவிர, பயணிகள் போட்ட ஓர் உறையைக்கூடப் பார்க்கவில்லை. இந்தியக் கடற்கரை ஒன்றில் அப்படி நடந்தது எனக்கு அதுவே முதல் முறை.

படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே போகும் கால்வாயில் செல்கிறது. இந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து ஊன்றியிருக்கும் அந்தக் கரைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. வண்டூர்க் கடற்கரையில் குளிக்கும் இடத்துக்கு வலை அடைத்து எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பதும் அதற்காகத்தான். எங்களுக்கு முதலை தெரியவில்லை. இரண்டாம் பயணத்தில் கால்வாய் திறந்த கடலோடு சேரும் இடத்தில் ஓர் அலுங்காமை மூச்சுவிட மேலே வந்தது. கிளியின் அலகு போல வளைந்த அதன் வாய் தெளிவாகத் தெரிந்தது. பவள இடுக்குகளில் இருக்கும் கடற்பஞ்சைக் கொத்தித் தின்ன அந்த வாய்தான் அதற்கு உதவுகிறது. அதன் ஓட்டுக்காகவே உலகெங்கும் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். அலுங்காமை, பேராமை, சிற்றாமை, தோணியாமை என்று நான்கு வகை ஆமைகளும் வந்து முட்டையிடும் கரைகள் இந்தத் தீவுக்கூட்டத்தில் இருக்கின்றன.

இனி படகுகளுக்கு வருகிறேன்.

முதல் நாள் ஏறிய கண்ணாடிப் படகில், இரு பக்கப் பலகையிலும் ஆட்களை நெருக்கி உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடியில் கீறல்கள். ஓரங்களில் பச்சைப் பாசி. இயந்திரத்தை நிறுத்தாமலேயே பவளத்திட்டின் மேல் விரைந்து போனார்கள். கீழே பழுப்பும் சாம்பலுமாக ஏதோ ஓடியது. "பவளம், மீன், பவளம்" என்று ஒருவர் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். வேறு விளக்கம் இல்லை. சில நிமிடங்களில் கரைக்குத் திருப்பிவிட்டு, நீண்ட சுற்று வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். ஏறுவதற்கு முன் இதை யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத இன்னொன்று நடந்தது. கரையோர ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி நின்ற படகுப் பையன் ஒருவன், ஒரு கடல் அட்டையைக் கையால் தூக்கி எடுத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். அது சுருங்கி, உடம்பிலிருந்து தண்ணீரைப் பீச்சியது. குழந்தைகள் அலறிச் சிரித்தார்கள்.

அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றே நினைக்கிறேன். மன்னார் வளைகுடாவைப் பற்றிச் செய்தி படிக்கும் தமிழர்களுக்குக் கடல் அட்டை என்றாலே கடத்தல் வழக்குதான் நினைவுக்கு வரும். 2001இல் கடல் அட்டைகள் அனைத்தையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் கிடைத்த அதே பாதுகாப்பு. கடினப் பவளங்கள், கடல் குதிரைகள், திமிங்கலச் சுறா, சில ராட்சதச் சிப்பி வகைகள் ஆகியவையும் அந்த ஆண்டுதான் அதே பட்டியலுக்குள் வந்தன. கடல் அட்டை நாள் முழுதும் மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலைச் செரித்துக்கொண்டு, தூய மணலை வெளியே விடுகிறது. அதிகம் தொந்தரவு செய்தால் சில வகைகள் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். அது மீண்டும் வளர வாரங்கள் ஆகும். ஒரு படத்துக்காக அந்த உயிர் கொடுக்கும் விலை அது. கரைக்கு வந்ததும் படகின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்; அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் படகுக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண் கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

இரண்டாம் முறை போவதற்கு முன், படகுத்துறையில் நின்று விசாரித்தேன். நான் கேட்டவை இரண்டே கேள்விகள். பவளத்தின் மேல் இயந்திரத்தை நிறுத்துவீர்களா? காட்டுவதற்காக எதையாவது கையில் எடுப்பீர்களா? இரண்டாவது கேள்விக்குச் சற்றுக் கோபமாகவே பதில் சொன்ன ஒருவரின் படகைத் தேர்ந்தெடுத்தோம். ஐம்பது வயதைக் கடந்தவர். தாத்தா காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஆட்கள் ஏறுவதற்கு முன்பே கண்ணாடியைக் கடல்நீர் விட்டு, துணியால் இரண்டு முறை அழுத்தித் துடைத்தார். திட்டுக்கு மேலே வந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, மூங்கில் கழியை மணல் உள்ள இடம் பார்த்து ஊன்றி, படகை மெல்லத் தள்ளினார்.

ஓரிடத்தில் நிறுத்தி, "கீழ பாருங்கக்கா, சிப்பி" என்றார். பாறையில் பதிந்த, நெளிநெளியான ஒரு பிளவு மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. முதல் நாளும் இதுபோல் பலவற்றைக் கடந்து போயிருப்போம். கல்லில் விழுந்த வெடிப்பு என்றே நினைத்திருப்போம். "படகு நெழல் விழுந்ததும் மூடிக்கிச்சு. கொஞ்சம் பொறுங்க, அதுவாத் தொறக்கும்" என்றார். யாரும் அசையவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். அந்தப் பிளவு நூலளவு அகன்றது, பிறகு விரலளவு. அதன் உள்ளிருந்து மயில்கழுத்து நீலத்தில், கரும்பச்சைப் புள்ளிகளோடு, தடித்த உதடு போன்ற சதை மெதுவாக மடிந்து வெளியே விரிந்தது. ராட்சதச் சிப்பி என்று பெயர் இருந்தாலும் நாங்கள் பார்த்தது ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அந்தச் சதையின் விளிம்பு நெடுகிலும் ஊசிமுனை அளவில் வரிசையாக இருப்பவை கண்கள். உருவத்தைத் தெளிவாகப் பார்க்க அவற்றால் முடியாது. வெளிச்சம் திடீரென்று குறைவதை உணர்ந்து, ஏதோ எதிரி வருகிறது என்று ஓட்டை மூடச் சொல்லும். குறைந்த வெளிச்சம் அப்படியே நிலைத்து, ஆபத்து ஒன்றும் வரவில்லை என்றால் மீண்டும் திறக்கும். மூடியே இருந்தால் அதற்குப் பட்டினிதான். ஏனென்றால் அந்த நீலச் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தரும் உணவுதான் அதன் வாழ்வுக்குப் பெரும் ஆதாரம். விரைந்து ஓடும் படகுக்குக் கீழே இந்த உயிர்கள் எல்லாம் கதவடைத்துக்கொள்கின்றன; உள்ளே இருப்பவர்களுக்கு வெறும் சாம்பல் நிறக் கல் தெரிகிறது. முதல் நாள் எங்களுக்கு நடந்தது இதுதான் என்பது அப்போது புரிந்தது.

பவளத்தின் நிறத்தைப் பற்றியும் அவர்தான் சொல்லித் தந்தார். விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தோட்டத்தை எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் நலமாக இருக்கும் கடினப் பவளத்தில் பெரும்பகுதி பழுப்பு, மங்கிய மஞ்சள், ஆலிவ் பச்சை. சிப்பிக்குள் இருப்பது போன்ற பாசிதான் அந்த நிறத்தைத் தருகிறது. மான்கொம்பு போல் கிளைத்த ஒரு பவளத்தின் நுனிகள் பால்வெள்ளையாக இருந்ததைக் கண்டு, எதிரே அமர்ந்திருந்த பெண்மணி எவ்வளவு அழகு என்றார். "அழகு இல்லம்மா, அது நோவு" என்றார் படகோட்டி. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனால் நிறம் போகும், உணவும் போகும். சூடு விரைவில் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் கடலில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. 2010 கோடையில் இதே இடத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது என்று அவர் சொன்னார். அப்போது செத்தவற்றின் உடைசல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. அவற்றின் மேலேயே கையகல இளம் பவளங்கள் முளைத்திருப்பதையும் காட்டினார். மூளைப் பவளம் போன்ற திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எங்கள் படகுக்குக் கீழே ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக இருந்த ஒன்றுக்கு, அந்தக் கணக்கில் என் வயதுக்கும் மேல் இருக்கும்.

பிறகு முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு என் மகளும் நானும் வழிகாட்டியோடு தண்ணீரில் இறங்கினோம். காதில் விழுந்த முதல் ஒலி, யாரோ கற்கண்டைக் கடிப்பது போன்ற நறநறப்பு. கிளிமீன்கள் கூட்டமாகச் செத்த பவளத்தைக் கரண்டித் தின்றுகொண்டிருந்தன. அதன் மேல் படர்ந்த பாசியைச் செரித்துவிட்டு, அரைத்த சுண்ணாம்பை வெண்மணலாக வெளியே விடுகின்றன. நாங்கள் மதியம் காலை நீட்டி உட்கார்ந்த அந்த வெண்மணலில் ஒரு பங்கு இந்த மீன்கள் அரைத்துப் போட்டது. வழிகாட்டி எங்களை நிற்க விடவில்லை. களைத்தால் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நீச்சல் தெரியாதவர்கள்தான் பயத்தில் பவளத்தின் மேல் கால் ஊன்றிவிடுகிறார்கள். ஒரு மிதியில் பத்து ஆண்டு வளர்ச்சி நொறுங்கும். பயமாக இருந்தால் கண்ணாடிப் படகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை அணிந்து இறங்குங்கள். சில களிம்புகளில் உள்ள வேதிப்பொருள்கள் பவளத்துக்கு ஆகாது.

ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கு அதுதான். கடற்புல் மேயும் இந்தச் சாதுவான உயிர் கூச்சம் மிக்கது. எண்ணிக்கையும் மிகக் குறைவு. இந்தப் பயணத்தில் அதைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் இதே விலங்குக்காக ஒதுக்கியது என்பதை என் மகளுக்குச் சொன்னபோது, நம் ஊர்க் கடலிலும் அது இருக்கிறதா என்று வியந்தாள்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவில் கடை இல்லை, தங்குமிடம் இல்லை, கழிப்பறையும் இல்லை. புறப்படும் முன் வண்டூரிலேயே போய்விட்டு ஏறுங்கள். உடை மாற்றிக்கொள்ளச் சிறு மறைப்பு உண்டு. பெரிய படகிலிருந்து கண்ணாடிப் படகுக்கு மாறும் இடம் அலையில் ஆடும். மூட்டுவலி உள்ள என் மாமியாரை இரண்டாம் படகின் ஆட்கள் இருபுறமும் தோள் கொடுத்து, "அவசரமே இல்லம்மா" என்று சொல்லி இறக்கினார்கள். முதல் படகில் அவருக்கு நான்தான் கை கொடுத்தேன். வனத்துறை நுழைவுச் சீட்டு, படகுக் கட்டணம், நீண்ட கண்ணாடிச் சுற்று, மூச்சுக்குழாய் வாடகை என்று செலவுகள் தனித்தனியாக வருகின்றன. எல்லாவற்றையும் ஏறும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டை கட்டாயம். அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தும் நம் கடிகார நேரத்தையே பின்பற்றுவதால், குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது. படகுகள் காலையிலேயே கிளம்பிப் பிற்பகலில் திரும்பிவிடும். கண்ணாடி வழியே பார்க்க வெயில் உச்சிக்கு ஏறிய நேரம்தான் ஏற்றது. ஆகவே தீவில் இறங்கியவுடன் முதல் சுற்றுக்கு முண்டியடிக்காமல், பதினொரு மணிக்கு மேல் போகும் சுற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கரையில் கிடக்கும் சிப்பியையோ பவளத் துண்டையோ எடுத்து வர வேண்டாம். அது செத்ததாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பறிமுதல் செய்கிறார்கள். என் மகளின் காற்சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு மான்கொம்புத் துண்டு இருந்ததைப் படகு கிளம்பும் முன் அந்தப் படகோட்டிதான் கவனித்தார். திட்டவில்லை. கையை நீட்டினார், அவள் கொடுத்தாள், படகைத் திருப்பும்போது திட்டின் ஓரத்தில், உடைசல்கள் கிடந்த இடம் பார்த்து அதை மெல்ல நழுவ விட்டார். இளம் பவளம் ஒட்டி வளர இதுபோன்ற துண்டுதான் அடித்தளம் என்று அவளிடம் விளக்கினார். இந்தப் படகுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அடுத்த முறை மழைக்காலத்தில் போய், ரெட் ஸ்கின்னையும் அவருடைய படகிலேயே பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.